ஐந்தாவது சத்தம்

மோகன்குமார் தூக்கத்தில் "மூனு" என்றான்.

ஜெயப்ரியா அதை முதலில் பொருட்படுத்தவில்லை. இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கிற மனுஷன், தூக்கத்தில் உளறுவது ஒன்றும் புதிதல்ல. போன வாரம் சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், அதற்கு முன்பு ஒரு நாள் கேண்டீனில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டுச் சண்டை போட்டான். ஆனால் அவன் "மூனு" என்ற அதே நொடியில் அவள் காதுக்குள் மூன்றாவது குண்டு வெடித்திருந்தது. அந்தச் சத்தம் ஹெட்போனை விட்டு வெளியே வரவே இல்லை.

பதிவைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். எங்கோ ஒரு வெளிநாட்டுச் சந்தை, யாரோ செல்போனில் பதிவு செய்தது. விலை பேசும் குரல்கள், தட்டு விழும் ஓசை, பிறகு அந்த வெடிப்பு. திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலில் அவன் உதடு அசைவதைப் பார்த்தாள்.

"மூனு," என்றான் மறுபடி. பதிவில் நான்காவது வெடித்தது. "நாலு."

பிறகு மிகவும் தெளிவாக, விழித்திருப்பவன் போல, "ஒன்னு பாக்கி," என்றான்.

அவள் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

பயங்கரவாதமும் அரசியல் வன்முறையும் என்பது அவள் படிக்கும் முதுகலைப் படிப்பின் பெயர். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், பாடமெல்லாம் இணையத்தில். கிருஷ்ணகிரியில் பி.ஏ. அரசியல் படித்துவிட்டு ஓசூர் கம்பெனி ஒன்றில் வருகைப்பதிவு பார்த்துக்கொண்டிருந்தவள், மும்பைச் சம்பவத்தை டிவியில் நாள் கணக்காகப் பார்த்துவிட்டு இதில் சேர்ந்தாள். "என்னம்மா, தீவிரவாதி ஆவறதுக்கு இப்போ பரீட்சை எல்லாம் வெச்சிட்டாங்களா?" என்று பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் வீட்டுக்காரம்மா முனிலட்சுமி கேலி பண்ணாத வாரமில்லை. படிப்பு முடிந்தால் பெங்களூரில் ஒரு வேலை காத்திருந்தது. இந்த வாரக் கட்டுரை ஒன்றுதான் மிச்சம். முதல் குண்டுக்குப் பிறகு உதவிக்கு ஓடிவருகிறவர்களை அடுத்த குண்டு எப்படிப் பலிகொள்கிறது என்பது தலைப்பு.

அதைப் பற்றி மோகன்குமாரிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததற்குக் காரணம் இருந்தது.

இரண்டு வருஷம் முன்புவரை அவன் பர்கூர் பக்கம் ஒரு கல் குவாரியில் வெடி எண்ணுகிறவன். எத்தனை குழியில் மருந்து வைத்தார்களோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆள் கீழே போகக்கூடாது, வெடிக்காத குழி எந்த நேரமும் வெடிக்கும். மேட்டில் நின்று அவன் எண்ணுவான். கணக்கு சரியாக இருந்தால் மாரிமுத்து என்ற பையன், எப்போதும் முதல் ஆளாக, "எறங்கலாமாண்ணா?" என்று கேட்பான். இவன் "எறங்கலாம்" என்று சொன்ன பிறகுதான் ஒரு கால் நகரும். ஒரு நாள் ஐந்து குழி. வெடித்தது நான்கு. நான்காவதை எதிர்மலை எதிரொலியாகத் திருப்பி அனுப்பியதை இவன் ஐந்தென்று எண்ணிவிட்டான். மாரிமுத்து கேட்டான், இவன் சொன்னான், அவன் இறங்கினான். அதற்குப் பிறகுதான் குடும்பத்தோடு ஓசூருக்கு வந்தது, லேத் மெஷின், இரவு ஷிப்ட், பகல் தூக்கம் எல்லாம்.

ஜெயப்ரியா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தனக்குத்தான் தூக்கம் போதவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. வேறொரு ஊர், வேறொரு வருஷம், ரயில் நிலையப் பதிவு ஒன்றை எடுத்து, சத்தத்தை முழுக்கக் குறைத்து ஓடவிட்டாள். இப்போது அவளுக்கே எதுவும் கேட்காது. திரையில் சத்தத்தின் அலை மட்டும் எழும்பி எழும்பி அடங்கியது.

"ஒன்னு," என்றான் உள்ளே.

மாடி ஜன்னல் வழியாக மார்கழிப் பனி அந்தச் சாயங்கால வேளையிலேயே இறங்க ஆரம்பித்திருந்தது, சிப்காட் பக்கமிருந்து வரும் ஆயில் வாடையும் முனிலட்சுமி வீட்டுக் களி வேகும் வாசனையும் எப்போதும்போல ஒன்றாகக் கலந்து வந்தன, ஆனால் அவற்றுக்கடியில் இன்னொன்றும் இருந்தது, ஓசூருக்கு வந்த பிறகு அவள் மறந்தே போன ஒன்று, அவன் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் மூக்கில் ஏறிய, பிளந்த கல்லும் எரிந்த மருந்தும் சேர்ந்த அந்தக் காரமான நெடி.

"ரெண்டு."

கீபோர்டில் விரலை வைத்தாள். நறநறத்தது. வெள்ளைத் தூள்.

அப்போது கரண்ட் போனது. தினமும் போவதுதான். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது, பின்தெரு ஒர்க்‌ஷாப்பின் இரைச்சல் அறுந்தது, லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் மொட்டை மாடியிலிருந்து தர்ஷினி பேசுவது கேட்டது. மகளுக்கு ஆறு வயசு. பள்ளியிலிருந்து வந்ததும் மேலே ஓடிவிடுவாள்.

பக்கத்திலிருந்து முனிலட்சுமியின் குரல் வந்தது. "ஏம்மா ப்ரியா, பாப்பா யார்கூட பேசிக்கினு இருக்குது? மேல யாரும் இல்லியே."

"தனியாத்தாங்க்கா வெளையாடும்," என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. பயமாக இருந்தது அவளுக்கு, வெட்கமில்லாமல் ஓடிப்போய்ப் புருஷன் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"மூனு. நாலு." கட்டில் கிரீச்சிட்டது. மோகன்குமார் எழுந்து உட்கார்ந்திருந்தான். கண்கள் மூடியபடியே இருந்தன. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, யாரையோ தடுப்பவன் போல அலறினான். "யாரும் எறங்காதீங்க! ஒன்னு பாக்கி! டேய், நில்லுடா!"

அவள் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தாள். பனியன் நனைந்திருந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ஒன்னும் இல்லீங்க. படுங்க."

"ஒன்னு பாக்கி... ஒன்னு பாக்கி..."

இரண்டு வருஷமாக அவன் இப்படி அழுது அவள் பார்த்ததில்லை. குழந்தையைத் தட்டுவது போல முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அஞ்சாவதும் வெடிச்சிடுச்சிங்க. நான் கேட்டேன். அஞ்சு. கணக்கு சரியாப் போச்சு, படுங்க."

அவன் உடனே அடங்கினான்.

மொட்டை மாடிப் படியின் உச்சியிலிருந்து ஓர் ஆண் குரல், மரியாதையாக, கேட்டது.

"எறங்கலாமாக்கா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த பதிவிலிருந்து, முழுக்கக் குறைத்து வைத்த அந்தப் பதிவிலிருந்து, கழுத்தில் தொங்கிய ஹெட்போன் வழியாக அவளுடைய குரல் வந்தது.

"எறங்கலாம்."

ஒரு காலடி.

வெறுங்கால். கணுக்கால்வரை கல்தூள். அதன் பக்கத்தில் தர்ஷினியின் சின்னச் செருப்பு. பின்னால் ஒரு தோல் ஷூ. ஒரு பெண்ணின் குதிகால் செருப்பு, ஒன்று மட்டும். அவள் பார்த்திராத ஊர்களின் உடைகள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். உதவிக்கு ஓடியவர்கள். கட்டுரையில் அவர்களை வெறும் எண்ணிக்கையாக எழுதியிருந்தாள்.

இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

கூடம் நிறைந்தது. யாரும் கோபமாக இல்லை. யாரும் அவளைத் தொடவில்லை. வேலை தொடங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கி நின்றார்கள்.

"தர்ஷினி," என்றாள். "இங்க வா. அம்மாகிட்ட வா."

"இரும்மா," என்றாள் குழந்தை. "மாமா நவுரக் கூடாதுன்னு சொல்லிக்கீது."

பின்னால் மோகன்குமார் விழித்துக்கொண்டான். கூடத்தைப் பார்த்தான். கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. முன்னால் நின்றவனின் முகத்தைப் பார்த்ததும் கண் கலங்கியது. பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

"ஒன்னு பாக்கி இருக்குதே ப்ரியா," என்றான். "நீ ஏன் சொன்னே?"

லேப்டாப் திரையில் அந்த அலை, முடிந்துபோன பதிவின் தட்டையான கோட்டிலிருந்து, மறுபடி மெல்ல எழும்பத் தொடங்கியது.

மாரிமுத்து குனிந்தான். கல்தூள் படிந்த இரண்டு உள்ளங்கையாலும் தர்ஷினியின் காதுகளை மெதுவாகப் பொத்தினான். குழந்தை கூச்சத்தில் சிரித்தது. கூடத்திலிருந்த அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.