யாரும் போடாத அப்டேட்

டெலிட் பட்டனை அவன் மறுபடியும் அழுத்தினான். ஒலிக்கோப்பு மறைந்தது. கண் மூடித் திறப்பதற்குள் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது, முன்பைவிடக் கொஞ்சம் நீளமாக.

மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ தட்டுவார்கள், திறப்பதா, வேண்டாமா? அவ்வளவுதான் அந்த வீடியோ கேம். அவனும் தம்பியும் இதே அறையில் செய்தது. எதிரொலி விழாமலிருக்க, துணி அலமாரிக்குள் கம்பளியை ஆணியால் அடித்து, உள்ளே உட்கார்ந்துதான் தம்பி சத்தங்களைப் பதிவு செய்வான். கேம் வெளிவரும் முன்பே மூச்சுத்திணறி இறந்துபோனான். அம்மாவுக்கு அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் தெரியவும் கூடாது.

கேமோ காட்டுத்தீயாய்ப் பரவி, வருடக்கணக்கில் அணையவில்லை. ஒவ்வொரு அப்டேட்டின்போதும் ரசிகர்கள் கெஞ்சுவார்கள்: ‘எதை வேணா மாத்துங்க தலைவா, அந்தத் தட்டுற சத்தத்தை மட்டும் தொட்டுடாதீங்க.’ அவன் தொட்டதில்லை.

இன்று காலை எழுதியிருந்தார்கள்: ‘புது அப்டேட் மிரட்டல். உள்ள இருக்கறவன் இப்போ பேசறான்.’

அவன் எந்த அப்டேட்டும் போடவில்லை.

வெளியே அம்மாவின் போனில் தட்டல் கேட்டது. ஓடினான்.

“அதைக் கொடும்மா. தலைவலி வரும்.”

“உன்னைப் பெத்தப்பவே வந்தாச்சு. ஊரே கேக்குது, நான் கேக்கக் கூடாதா?”

சிரித்தபடி காதில் வைத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“சின்னவன் குரல்டா இது.”

“யாரோ நடிச்சதும்மா.”

“எனக்கா தெரியாது?”

அவனைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் போனாள். வருடங்களாகத் திறக்காத அலமாரியின் இடுக்கிலிருந்து, நனைந்த கம்பளியும் வியர்வையும் கலந்த வாடை, இப்போதுதான் யாரோ உள்ளே உட்கார்ந்தது போல வெதுவெதுப்பாக ஊர்ந்து வந்தது. தட்டல். போனிலிருந்தா? அலமாரியிலிருந்தா?

மூச்சிரைப்பு. பலகையில் நகம்.

“அண்ணா, கதவு மாட்டிக்கிச்சு. மூச்சு முட்டுது. நடிக்கலண்ணா.”

அம்மா பலகையில் காதை வைத்தாள்.

அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். அன்று பதிவிலிருந்து அதை வெட்டி எறிந்தவனே அவன்தான்.

வந்தது. அலமாரிக்கு வெளியிலிருந்து, உற்சாகமாக, அவனுடைய குரல்:

“அப்படித்தான்டா. பிரமாதமா வருது. நிறுத்தாம தட்டு.”