டப்பா மாற்றும் நாள்

மழைக்கு ஒதுங்க ஓடிவந்தவன் அவள் மேல் மோதினான். குடை சேற்றில் விழுந்தது.

“கண்ணு தெரியலையா?”

“ஒண்ணு தெரியும்” என்றான், கோபமே இல்லாமல்.

பஸ் நிறுத்தக் கூரையின் கீழ் நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வலது கண்ணில் மழை மின்னியது. இடது கண்ணின் கருமணி மேல் பால் சிந்தியது போல் ஒரு வெள்ளை...

அந்த பஸ் டிரைவர்.

ஏழு மாதத்துக்கு முன், அவள் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வாங்க வந்தவன். போடத் தெரியாமல் இமைத்து இமைத்து அவளைச் சிரிக்க வைத்தவன். இவ்வளவு கிட்ட நின்று யாரும் தன் கண்ணைப் பார்த்ததில்லை என்றான். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

லென்ஸ் விற்றால் நான்கு விதி சொல்லி, அட்டையில் டிக் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். கூட்ட நாளில் அவள் முதலில் டிக் போட்டுவிடுவாள், பிறகு சொல்வாள். அன்று டிக் போட்டாள். சொல்ல மறந்துபோனாள்.

இரண்டு மாதத்துக்கு முன் அவனுடைய அக்கா, தம்பிக்கு ஒரு கண் போய்விட்டது என்று லென்ஸ் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். லென்ஸை ஊறவைக்கும் பழைய சொல்யூஷனைக் கொட்டாமல், புதியதைத் தினமும் அதன் மேலேயே ஊற்றியிருக்கிறான். இவள் விரலை விட்டுப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது. கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தங்கள் மேல் தாங்களே பசையைப் போர்த்திக்கொண்ட படலம். மருந்து அதற்குள் இறங்காது. கிருமி லென்ஸில் ஏறிக் கண்ணுக்குப் போய்விடும்.

கடைக்காரர் இவளுக்கு மாமா. அட்டையைக் காட்டினார். டிக் இருந்தது, கையெழுத்து இருந்தது. அக்கா வாயடைத்துத் திரும்பிப் போனாள். வாயைத் திறந்தால் கடைக்குப் பூட்டுதான் என்று மாமா இவளிடம் தனியாகச் சொன்னார். இவள் திறக்கவில்லை.

அவனும் அவளை அடையாளம் கண்டுகொண்டான்.

“இப்ப வண்டி...?” என்றாள்.

டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை என்றான். பஸ் சத்தம் கேட்டால் கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறதாம். சிரிக்கப் பார்த்தான்.

“நீங்க சொல்லித்தான் இருப்பீங்க. நான்தான் உங்க முகத்தையே பாத்துட்டிருந்தேன். காதுல விழல.”

அக்காவிடமும் அப்படித்தான் சொன்னானாம். பழி அவன் தலையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம். அவளுடைய பஸ்ஸும் வந்து நின்றது. மாமாவின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் ஏறவில்லை.

“சொல்லலைங்க. டிக் மட்டும்தான் போட்டேன். உங்க அக்கா வந்தப்பவும் வாயத் தொறக்கல.”

பஸ் போய்விட்டது. மழை கூரையை அறைந்தது. அவன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

“அந்த நாலு என்னென்ன?”

“கைய கழுவித் துடைச்சிட்டுத் தொடணும். போட்டுட்டுத் தூங்கக் கூடாது. பழசைத் தினம் கொட்டணும்...” அவள் சேற்றில் கிடந்த குடையை எடுத்தாள். “மூணு மாசத்துக்கு ஒரு தடவை கடைக்கு வந்து புது டப்பா வாங்கணும்.”

“அதையாவது சொல்லியிருக்கலாமே...” அவன் குரல் உடைந்தது. “உள்ள வர ஒரு சாக்கு இல்லாம, உங்க கடைக்கு முன்னாடி எத்தனை நாள் வண்டிய மெதுவா ஓட்டினேன் தெரியுமா?”

“தெரியும். காலைல பத்து இருபதுக்கு வர்ற வண்டி” என்றாள். “நான் வாசல்லதான் நிப்பேன். இப்பவும் நிக்கறேன்... வேற யாரோ வேகமா ஓட்டிட்டுப் போறாங்க.”