செத்துப்போன டாக்டரின் கையெழுத்து

"டாக்டர் தியோஃபிஸ்டாவா? அவங்க செத்து ரெண்டு மாசமாச்சே!"

போன் ஸ்பீக்கரில் வந்த பெண் குரலைக் கேட்டு பஸ் டிரைவர் ரொடேலியோ அதிர்ந்துபோனான்.

பனாய் தீவில் ஒரு சின்ன டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ். மெடிக்கல் சர்டிஃபிகேட் சரிபார்க்கும் ஜன்னல். உள்ளே, கிளினிக்குக்குப் போன் போட்டு விசாரித்த அதிகாரி கல்பினெஸ்.

"பொய் சார்! நேத்துதான் அந்தம்மா என் கண்ணைச் சோதிச்சு இதுல கையெழுத்துப் போட்டாங்க!"

"பேயாவா வந்தாங்க?"

வரிசை சிரித்தது.

"சார்... லைசென்ஸ் இன்னியோட முடியுது. நாளைக்குக் காலையில பஸ் எடுக்கலேன்னா வேற டிரைவரைப் போட்டுடுவாங்க. பத்தொன்பது வருஷ சர்வீஸ் சார்!"

"போலி சர்டிஃபிகேட்டுக்கு ஜெயில் தெரியுமில்ல? போலீஸைக் கூப்பிடறதுக்குள்ள ஓடிடு!"

ஓடினான் ரொடேலியோ.

வீட்டுக்கு அல்ல... கிளினிக்குக்கு!

கதவு பூட்டியிருந்தது.

படபடவென்று தட்டினான். நிஜமாகவே செத்துவிட்டாரா? அப்படியென்றால் நேற்று தன் இமையைத் தூக்கிப் பார்த்தது யார்?

"டாக்டரம்மா! டாக்டரம்மா!"

முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"கதவை உடைச்சுடாதய்யா... சாப்பிடப் போயிருந்தேன்."

கையில் நூடுல்ஸ் பொட்டலத்தோடு டாக்டர் தியோஃபிஸ்டா... உயிரோடு!

ரொடேலியோ அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

அரை மணி நேரம் கழித்து இருவரும் லைசென்ஸ் ஆபீஸ் ஜன்னல் முன்னால் நின்றார்கள். கல்பினெஸ் முகம் வெளுத்தது.

"நீங்க... யாரு?"

"செத்தவ! எந்த நம்பருக்குப் பேசினே?"

"கிளினிக் நம்பருக்குத்தான்..."

"என் கிளினிக்ல போன் எடுக்க ஆளே கிடையாதேப்பா!"

டாக்டர் ஜன்னலுக்குள் கையை விட்டார். மேஜை போனில் ரீடயலையும் ஸ்பீக்கரையும் அழுத்தினார்...

"வேணாம் மேடம்!" கல்பினெஸ் பாய்ந்தார்.

தாமதமாகிவிட்டது! அதே பெண் குரல்...

"ஏங்க, இந்த ஆளும் நம்மகிட்ட சர்டிஃபிகேட் வாங்கலையா? டாக்டர் செத்துட்டாங்கன்னு சொல்லிடட்டுமா? அரிசி வேற கொதிக்குதுங்க!"

கல்பினெஸின் மனைவி!

இவர்களிடம் காசு கொடுத்துப் போலி வாங்கியவர்களுக்கெல்லாம் 'அசல்'. அசல் கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் 'போலி'!

வரிசை கொந்தளித்தது. செக்யூரிட்டி வாசலை மறித்தார். ரொடேலியோ தன் சர்டிஃபிகேட்டை மார்போடு அணைத்துக்கொண்டான்.

கல்பினெஸ் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார்.

"ஐயோ... வலிக்குது... ஆஸ்பத்திரி..."

டாக்டர் நிதானமாக ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நாடி பார்த்தார். பேனாவை எடுத்தார்.

"இதயம் குதிரை மாதிரி பலமா இருக்கு! ஜெயிலுக்குப் போக முழுத் தகுதின்னு... சர்டிஃபிகேட் எழுதித் தரட்டுமா?"