செவித்துணை

மனித குலத்தின் மாபெரும் எதிரியான சலிப்பு, செவ்வாய்க் கோளில்தான் முதன்முதலாக முற்றிலும் ஒழிக்கப்பட்டது. எப்படியென்றால், அங்கே யார் பேச்சையும் யாரும் கேட்பதில்லை.

கேட்பதற்குச் செவித்துணை இருந்தது. காதுமடலுக்குப் பின்னால் பதித்த, மிளகளவு கருவி. கூட்டம் தொடங்கியதும் அது பொறுப்பேற்கும்; உடையவர் கண்ணைத் திறந்துவைத்தபடியே தூங்கலாம். உரிய இடங்களில் தலையை ஆட்டிவிடும், நகைச்சுவைக்குப் புன்னகைக்க வைக்கும், முடிவில் இரண்டு நல்ல வார்த்தை சொல்லவும் வைக்கும். அது வேலை செய்யும்போது ஒரு பச்சை விளக்கு எரியும். நாகரிகம் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

பேசுகிறவரும் பேசுவதில்லை. அவர் நாவடியில் இருந்த நாத்துணை பேசியது. இரண்டு கருவிகளும் பேசித் தீர்த்துக்கொள்ள, மனிதர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள்.

இசக்கியம்மாளின் கணவன் சுடலைமணிக்குத் துருவப் பனிச்சுரங்கத்தில் வேலை. அங்கிருந்து ஊருக்கு ஆண்டுக்கு ஒரே வண்டி. அதை வாராவாரம் விடவேண்டும் என்று குழாய்வண்டிக் கழகத்தின் முன் கருத்துரை வைக்க, சுரங்கக் குடும்பங்கள் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தன. கழகம் ஒருமுறை மறுத்துவிட்டால் பிறகு பத்தாண்டுகளுக்கு வாய் திறக்க முடியாது.

மாலைதோறும் வானொலிபேசியில், நாத்துணையை வைத்துக் கணவனிடம் ஒத்திகை பார்த்தாள்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லாருக்குட்டி. நடுவுல கொஞ்சம் நிறுத்திப் பேசு."

தினமும் இதே பதில்தான். எந்த நடுவில் என்று தெரியாமல் அவள் பல நடுவுகளில் நிறுத்திப் பார்த்தாள். அவர் இவ்வளவு கூர்ந்து கேட்கிறாரே என்று நெகிழ்ந்தும் போனாள்.

கூட்டத்தன்று ஒலிவாங்கி முன்னால் நின்றதும் நாத்துணை ஒரு விக்கல் விக்கி, அடங்கிவிட்டது.

இனி இசக்கியே பேசியாகவேண்டும். தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். "தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அவர்களே, இணைத் துணைத்தலைவர் அவர்களே..." மேடையில் பெயர்கள் தீர்ந்தன. ஒலிவாங்கி கொடுத்தவரையும் தேநீர் கொண்டுவந்தவரையும் விளித்தாள். அதன்பிறகு விளிக்க ஆளில்லை.

"எனக்குப் படங்காட்டிப் பேச வராதுங்க," என்றாள். "எங்க வீட்டுக்காரவுக வருசத்துக்கு ஒருக்கா வாராவ. வந்ததும், குடிக்கத் தண்ணி எங்கட்டி இருக்குன்னு எங்கிட்ட கேக்காவ. சொந்த வீட்டுல, விருந்தாளி கணக்கா. அவுக கேக்காம எடுத்துக் குடிக்கணும். அதுக்குத்தாங்க வண்டி வேணும்."

இலக்கு இல்லை, வளர்ச்சி இல்லை, 'ஒருங்கிணைந்த' என்ற சொல்லே இல்லை. நாத்துணைகளின் மொழியை மட்டுமே கேட்டு வளர்ந்த கழகத்துச் செவித்துணைகள் திகைத்தன. விளங்காவிட்டால் உடையவரை எழுப்பவேண்டும் என்பது அவற்றுக்கு விதி. எழுப்பின.

தலைவர் வைரவன் திடுக்கிட்டு விழித்தார். அவர் காதில் விழுந்தது 'வண்டி வேணும்' மட்டும்தான். "என்னவே சொன்னா?" என்று பக்கத்தில் கேட்க வாயெடுத்தவர், அடக்கிக்கொண்டார். கேட்டால் தூங்கியது தெரிந்துவிடும். துணைத்தலைவருக்கும் அதே சங்கடம். இணைத் துணைத்தலைவர் முன்னெச்சரிக்கையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதைத் தலைவர் பார்த்துவிட்டார். ஏதோ உருக்கமான விஷயம் போலிருக்கிறது.

"ஆழமான உரை!" என்று எழுந்தார். "அந்த வண்டிய விட்டுருவோம்!"

கரவொலி எழுந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. என்ன வண்டி, எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. இசக்கிக்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது.

சுடலைமணி வாராவாரம் வரத் தொடங்கினான். முதல் வாரம் தண்ணீர் எங்கே என்று கேட்டான். அடுத்த வாரம் அலமாரிகளைத் திறந்து தேடினான். அதற்கடுத்த வாரம் வந்ததும் நேரே போய், எடுத்து, அண்ணாந்து குடித்தான். இசக்கி கதவோரம் நின்று பார்த்தாள்.

அவனை உட்காரவைத்து, அன்று மேடையில் பேசியதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். விக்கலில் தொடங்கிப் பொன்னாடைவரை. அவன் தலையாட்டினான். தேநீர்க்காரரை விளித்த இடத்தில் புன்னகைத்தான்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லாருக்குட்டி. நடுவுல கொஞ்சம் நிறுத்திப் பேசு."

சுடலைமணியின் காதுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.