பெரிய மேடம், சின்ன மேடம்

"நாலு கணுன்னு சொன்னது நீங்க மேடம்! உங்க வாயாலதான் சொன்னீங்க!"

"ஒம்போது வருசத்துக்கு முந்தி சொன்னேண்ணே! அப்ப வெயிலும் வேற, கொடியும் வேற!"

"இன்னைக்குக் காலையில சொன்னீங்க. இந்தா, இந்தத் தூண்ல இருந்து!"

ஒச்சப்பன் திராட்சைப் பந்தலின் கல்தூணில் படீரென்று தட்டினான். அதில் சிரட்டை அளவில் ஒட்டியிருந்த கருவி விழித்து, வைரமணியின் குரலிலேயே, ஆனால் வைரமணியைவிடப் பொறுமையாக, "நாலு கணு விட்டு வெட்டுங்கண்ணே, குலை நல்லா வரும்" என்றது. மறுநாள் வெட்டப்போகும் கொடிகளை எண்ணிப் போக வந்திருந்த கவாத்து செட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செட்டுத் தலைவி செல்வராணி மட்டும் பொத்தாமலே சிரித்தாள்.

வைரமணி பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை விரிவாக்கக் கல்வியாளர். ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதை ஸ்கூட்டரில் ஏற்றிவந்து கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்காரர்களின் தலையில் ஏற்றுவது வேலை. இருபத்தொரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். வயது நாற்பத்தாறு, கல்யாணமில்லை. ஏன் என்று கேட்டுக் கேட்டு ஊருக்கே அலுத்துவிட்டது. அவள் பேசிய தொலைபேசிப் பேச்சு, கூட்டப் பேச்சு எல்லாவற்றையும் ஊட்டித்தான் பல்கலைக்கழகம் பந்தல்குரலைச் செய்தது. வேரடியில் மண்ணுணரி, தூணில் குரல். பந்தல்குரல் என்பது அரசாணையில் உள்ள பெயர். ஊர் வைத்தது சின்ன மேடம். அதனால் இவள் பெரிய மேடம் ஆனாள். இதில் அவளுக்குக் கோபம் இல்லை என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள், கோபமாக.

இப்போது அவள் ஒரு கொடியை ஒடித்து, கணுவில் இருந்த மொட்டை நெடுக்காகப் பிளேடால் கீறி, கைப்பேசியின் நுண்ணாடிக்கு அடியில் வைத்தாள்.

"பாருங்க. இது நாலாவது கணு. உள்ள வெறும் இலைதான். இது ஆறாவது. ஓரத்துல பொடிசா இருக்கு பாருங்க, அதுதான் குலை. ரெண்டு வருச வெயில்ல குலை மேல ஏறிப்போச்சு. நாளைக்கு நாலுல வெட்டினா பந்தல் பூரா இலையாத்தான் தொங்கும்."

"இது ஒரு கொடி மேடம். சின்ன மேடம் நாலாயிரம் தோட்டம் பாக்குது."

"அது எங்கண்ணே பாக்குது? நான் என்னைக்கோ பாத்ததத் திருப்பிச் சொல்லுது."

"நாளைக்கு ஏழு மணிக்கு வெட்டு" என்றான் ஒச்சப்பன்.

அந்த வாரம் கவாத்துக்கு நின்றவை ஆயிரத்து நூறு தோட்டங்கள். வெட்டிய கொடியை ஒட்டவைக்க முடியாது; போனால் ஒரு பருவம் போனதுதான். வைரமணி ஸ்கூட்டரில் சாய்ந்தபடியே, பந்தல்குரலைச் செய்த பிரசன்னாவைக் கூப்பிட்டாள்.

"நாலுங்கிற கணக்க மாத்த மூணு வருச ஆய்வு முடிவு வேணும் மேடம். விதி."

"கொடி வெட்டக் கத்தரி நாளைக்கே வருது தம்பி. சரி, ஒண்ணு சொல்லு. நான் அதிகமாச் சொன்னதே 'தெரியல, வாங்க போய்ப் பாக்கலாம்'தான். அது எங்க போச்சு?"

"பதினோராயிரம் இடத்துல இருந்துச்சு மேடம். எடுத்துட்டோம். சோதனையில அதைக் கேட்டதும் விவசாயிங்க கருவியை அணைச்சிட்டாங்க."

வைரமணி வண்டியைக் கிளப்பினாள். எங்கே போனாள் என்று விசாரித்ததில், நேராகப் பல்கலைக்கழகக் கிளை அலுவலகத்துக்கு. குரலுக்கு உரியவர் மாதம் ஒருமுறை திருத்தம் பேசலாம் என்று ஒரு சலுகை உண்டு. புது எண், புது மருந்து என்று ஏதாவது சொன்னால் தணிக்கைப்பொறி மறித்துவிடும்.

"கவாத்தில் எத்தனை கணு விட வேண்டும்?" என்று கேட்டது பொறி.

"தெரியல. போய்ப் பாத்துட்டு வெட்டலாம்."

பொறி யோசித்தது. இதில் எண் இல்லை, மருந்து இல்லை, சோதிக்க ஒன்றுமே இல்லை. ஏற்றுக்கொண்டது. எந்த ரகம், எந்த மண், எந்த மாதம் என்று மாற்றி மாற்றிக் கேட்டது. மூன்று மணி நேரம் அதே பதிலைச் சொல்லிவிட்டு, தொண்டை கட்டி வெளியே வந்தாள்.

மறுநாள் ஏழு மணிக்கு ஆயிரத்து நூறு பந்தல்களும் ஒரே குரலில், "தெரியலண்ணே, போய்ப் பாத்துட்டு வெட்டலாம்" என்றன. கத்தரியோடு நின்ற செட்டுகள் அப்படியே நின்றன. ஒச்சப்பன் தூணை உதைத்துக் கால்விரலைப் பெயர்த்துக்கொண்டான். செல்வராணி பிரசன்னாவின் எண்ணைத் தேடிப் பிடித்து, "ஏன் சார், தெரியலன்னு சொல்றதுக்கா ஒரு மிசினு?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். வேறு வழியில்லாமல் ஆளாளுக்குப் பிளேடு எடுத்து மொட்டைக் கீறினார்கள். ஒச்சப்பனுக்கு ஆறில் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்கு ஏழில். கீறிப் பார்த்த இடத்தில் வெட்டினார்கள். அந்தப் பருவம் பந்தல் தாங்காத காய்ப்பு.

பல்கலைக்கழகம் வைரமணியிடம் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியது. "தெரியாததைத் தெரியாது என்றேன். இனியும் சொல்வேன்" என்று ஒன்றரை வரியில் எழுதித் திருப்பினாள். வேலை போகும் என்று ஊரே எதிர்பார்த்தது, போகவில்லை. ஏனென்றால் நடந்தது வேறு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவி, தெரியும் என்று சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விவசாயிகள் முடிவு கட்டினார்கள். உரம், மருந்து, தண்ணீர் என்று சின்ன மேடம் சொன்னதே சட்டமாயிற்று. பிளேடுகள் துருப்பிடித்தன.

அடுத்த வருடம் பிரசன்னா நேரிலேயே வந்து சொன்னான், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. பத்துக் கேள்விக்கு ஒன்றுக்கு, பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், 'தெரியல' என்று சொல்லும்படி அமைத்துவிட்டார்கள். நம்பிக்கை கூடுகிறதாம்.

"அதையும் பொய்யாக்கிட்டீங்களாடா!" என்று வைரமணி போட்ட கூச்சல் மூன்று பந்தல் தாண்டிக் கேட்டது. அன்றைக்கே ராஜினாமா. தன் குரலைத் திருப்பிக் கேட்டாள். அது பல்கலைக்கழகச் சொத்து என்றார்கள்.

பிரசன்னாவும் வேலையை விட்டான். அன்றைக்கு அரை மணி நேரத் திட்டில் தொடங்கிய பேச்சு நிற்கவே இல்லை போல; ஆவணியில் அவனுக்கும் செல்வராணிக்கும் சின்னமனூரில் கல்யாணம். இப்போது மனைவியின் செட்டில்தான் கவாத்து வெட்டுகிறான், ஆமை வேகத்தில். பெரிய மேடம் குமுளி ஏறி, ஏலக்காய்த் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

ஒச்சப்பனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு காலையில் தூணருகே போய், "மேடம், எங்க போயிட்டீங்க?" என்று கேட்டானாம்.

"நான் எங்கேயும் போகலையேண்ணே" என்றதாம் அது.