பத்துக்கு ஒரு இழுப்பு

மதியச் சாப்பாடு முடிந்து சோபாவில் மல்லாந்து கண்ணயர்ந்திருந்த கணவரின் வலது கை, பக்கத்தில் இருந்த சின்னக் கண்ணாடி மேசையின் மேல் கிடந்தது. அந்தக் கையின் மோதிர விரல் மட்டும் தானாக மடங்கி, நகம் கண்ணாடியில் டிக் என்று பட்டு, மறுபடி நிமிர்ந்தது. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அவளுக்குச் சந்தோஷத்தில் மூச்சே நின்றுவிட்டது. எட்டு மாதமாக மரக்கட்டை போலக் கிடந்த விரல் அது.

டிக்.

கையில் இருந்த துண்டை அப்படியே பிடித்தபடி காத்திருந்தாள். என்ன தோன்றியதோ, மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். பத்து வந்ததும் டிக். மறுபடி ஒன்றிலிருந்து பத்து. டிக். மூன்றாவது முறையும் பிசகவில்லை. சந்தோஷம் வந்த வழியே திரும்பிப் போனது, ஏனென்றால் அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தினமும் காதில் விழும் கணக்கு.

அவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பதிப்பவர். ஒரு பெரிய கண்ணாடிப் பலகை நழுவி மணிக்கட்டில் இறங்கியதில், சதையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண் அறுந்துபோனது. இரண்டு முறை தைத்தார்கள். இரண்டு முறையும் நனைந்த காகிதம் போலப் பிய்ந்தது. "இனிமே தையல் போட இடமில்லம்மா" என்று சர்ஜன் கையை விரித்துவிட்டார். வீட்டுக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். "ஒத்தைக் கையால கண்ணாடி தூக்குறவன் ஊர்ல நான் ஒருத்தன்தான், கூலி ரெண்டு மடங்கு கேக்கலாம்" என்பார். ஒருநாள் காலை பின்கட்டுக்குப் போனவள், இடது கையும் முழங்காலுமாக ஒரு பலகையைத் தூக்கப் பார்த்து, உடைத்துவிட்டு, சில்லுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்தாள். அந்தக் கையை எப்படியாவது சரிசெய்வது என்று அவள் முடிவெடுத்தது அப்போதுதான்.

அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து தசைநாண் வளர்க்கிறார்கள். என்னவாகப் போகிறோம் என்று இன்னும் முடிவெடுக்காத பிள்ளைகள் அந்தச் செல்கள். எலும்பாகவும் போகும், கொழுப்பாகவும் போகும். நாணாக்க வேண்டுமென்றால் கூழ்போன்ற ஒரு பட்டையில் பரப்பி, இரண்டு முனையையும் கவ்விகளில் பிடித்து, பத்து விநாடிக்கு ஒரு முறை மெல்ல இழுக்க வேண்டும். இழுபட இழுபட அதற்குப் புத்தி வரும். இழுக்கும் இயந்திரத்துக்கு அங்கே பெயர் வாத்தியார். 'அடியாத மாடு படியாது' என்று அதன் மேல் யாரோ ஒட்டியும் வைத்திருந்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மேலாளர் சொல்லும் முதல் பாடம் ஒன்றுதான். "ரெண்டு முனைக்கும் பிடிமானம் வேணும். ஒண்ணை விட்டாலும் சுருண்டு செத்துடும்."

சர்க்கரை வியாதி இருந்ததால் கணவருக்கு ஆய்வுக்கூடத்தின் சோதனைச் சிகிச்சைப் பட்டியலில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதே வாரம் மூன்று நாள் விடுமுறை வந்தது. அந்தக் கவலையில் வாத்தியாரை நிறுத்தாமலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போய்த் திறந்தபோது சத்துநீர் வற்றியிருந்தது, ஒரு கவ்வியும் கழன்று கிடந்தது. உள்ளே இருந்த பட்டை செத்திருக்க வேண்டும். சாகவில்லை. தடித்து, வெளுத்து, அறுந்த முனையைத் தானே நீட்டி, பக்கத்தில் இருந்த திருகாணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இழுபட்டுக்கொண்டிருந்தது.

எரித்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அதைக் கணவருக்காக ஒளித்து வைத்துக்கொண்டாள். செல்களைப் பிரித்தெடுக்கப் பட்டையைக் கரைத்தபோது மயிரிழை அளவுக்கு ஒரு நூல் மட்டும் கரையாமல் மிதந்தது. வடிகட்டித்தான் ஊசியில் ஏற்ற வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. வடிகட்டினால் பாதிச் செல்கள் சல்லடையில் தங்கிவிடும். இருப்பதே ஒரு சிட்டிகை. அவள் வடிகட்டவில்லை.

மேலாளர் அனுமதி கொடுத்துவிட்டதாக வீட்டில் பொய் சொன்னாள்.

"ஊசி போடத் தெரியுமா டாக்டரம்மா?" என்று கேட்டார் அவர்.

"எலிக்குப் போட்டிருக்கேன்."

"அப்ப சரி. எலியைவிட நான் பெருசு, குறி தப்பாது."

அது நடந்து நாலு வாரம் ஆகிறது. இப்போது மேசையில் நகம் தட்டுகிறது. அவர் கண் விழித்து விரலைப் பார்த்தார். மற்ற விரல்களையும் மடக்கிப் பார்த்தார். எல்லாம் மடங்கின. எட்டு மாதம் சிரித்துச் சமாளித்த மனுஷன் குழந்தை மாதிரி விம்மி அழுதார்.

"என் கை வந்துடுச்சு, பாரு. வந்துடுச்சு."

"கொஞ்சம் ஆட்டாம வைங்க, பாக்கலாம்."

"நான் எங்க ஆட்டுறேன்? அதுவா ஆடுது. ஆடட்டுமே, உனக்கென்ன?"

அடுத்த நாலு நாளில் கைக்கு வந்த பலம் அவளைப் பயமுறுத்தியது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பத்தாவது விநாடியில் டம்ளர் நசுங்கியது. மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வரை தோலுக்கடியில் ஒரு வெள்ளைக்கோடு ஓடி, நடுவில் மிளகு அளவுக்கு ஒரு முடிச்சாக நின்றது. அதிலிருந்து ஆய்வுக்கூடத்துச் சத்துநீரின் வாடை, லேசான இனிப்பும் இரும்பும் கலந்த வாடை, எத்தனை சோப்பு போட்டாலும் போகாமல் வீடு முழுக்கச் சுற்றியது. ஐந்தாம் நாள் வலி வந்தது. அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நாற்காலி முதுகைப் பிடித்தார், குளியலறைக் குழாயைப் பிடித்தார்.

"வெறுங்கையா இருந்தா உயிர் போகுது. எதையாவது பிடிச்சா கொஞ்சம் அடங்குது."

அவள் அடுக்களைக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். பிடிமானம் தேடுகிறது. ஒரு முனை அவருக்குள் இருக்கிறது. இன்னொன்று?

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். பட்டை, பதிவேடு, நூல், பொய், எதையும் விடவில்லை. திட்டுவார் என்று நினைத்தாள். அவர் வலியோடு தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. இப்பவே."

"போனா கையை எடுத்துடுவாங்க. உன்னையும் உள்ள வெச்சிடுவாங்க. வேணாம்." பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினார். "இரும்பெல்லாம் சில்லுனு இருக்கு. நீ பிடி. கொஞ்ச நேரம்."

பிடிக்கக் கூடாது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கண்கள். அன்று சில்லுகளுக்கு நடுவில் பார்த்த அதே கண்கள். பத்து விநாடிக்கு ஒரு முறை உடம்பே தூக்கிப் போட, அவர் நீட்டிய கையை மடக்கவே இல்லை. ஐந்து நிமிஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் தூங்கியதும் எடுத்துவிடலாம். அவரைச் சோபாவில் சாய்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி மேசைமேல் அவர் உள்ளங்கையோடு தன் வலது உள்ளங்கையைச் சேர்த்தாள். அந்த முடிச்சு வெதுவெதுப்பாக இருந்தது. அவர் மூச்சு நிதானப்பட்டது. எத்தனையோ நாளாகத் தூங்காத அவள் கண்ணும் சொருகியது.

விழித்தபோது வெயில் மேற்கு ஜன்னலுக்கு வந்திருந்தது. அவர் கையால் பதித்த ஜன்னல். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கை மரத்திருந்தது. மெல்ல விரல்களைப் பிரித்தாள். ஐந்தும் பிரிந்தன.

உள்ளங்கை வரவில்லை.

மறுபடி இழுத்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள். இரண்டு கைக்கும் நடுவில், விரல் நுழையாத அந்த இடுக்கில், வெள்ளையாக ஒன்று. ஈரம். தடிமன்.

வலி இல்லை. அதுதான் பயங்கரம். ஒரு துளி வலி இல்லை.

மேசையில் அவருடைய கண்ணாடி வெட்டும் கத்தி கிடந்தது. இடது கையால் எடுத்தாள். இடுக்கில் வைத்தாள். முனை பட்டதும் அவளுக்குத் தோளில் சுரீரென்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். நெஞ்சில் சுரீரென்றது. கத்தி விழுந்தது. இடது கையால் தடவிப் பார்த்தாள். மணிக்கட்டு. முழங்கை. அக்குள். தோலுக்கடியில் கம்பி போல ஒரு கோடு. காறை எலும்பு. அதற்குக் கீழே.

கத்தி விழுந்த சத்தத்தில் அவர் கண் திறந்தார். முகத்தில் எட்டு மாதமாக இல்லாத தெளிவு.

"வலியே இல்லை தெரியுமா" என்றார். "விட்டுடாதே."

அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எட்டு. ஒன்பது.

வெயிலில், கண்ணாடி மேசையின் மேல், இரண்டு பேருடைய மோதிர விரலும் ஒன்றாக மடங்கின.