நக்கிப் பார்த்த கல்

கல் நாறியது.

கல்லுக்கு ஏது நாற்றம் என்று ஃபஸீலா மூக்கை மூடிக்கொண்டு ஜன்னலைத் தேடினாள். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், மாடியில் இருந்தது அந்தக் கல் பரிசோதனைக்கூடம்.

"அண்ணே, மீன் நாத்தமா அடிக்குது?"

"கீழ லாரி வந்திருக்கும் லா. ஜன்னல சாத்திடும்மா," என்றார் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த மருதப்பன். அவர்தான் அந்தக் கல்லை இரண்டு வில்லைகளாக அறுத்து, ஒன்றை அவளுக்குக் கொடுத்தவர்.

சாத்தினாள். நாற்றம் கூடியது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் அடிவயிற்றிலிருந்து துளையிட்டு எடுத்த கல் அது. நூறு கோடி வருஷத்துக்கு முன் இரண்டு கண்டங்கள் ஒன்றையொன்று நெருக்கியதில், நடுவில் அகப்பட்ட கடலடிச் சேறும் அதில் செத்துக் கிடந்ததும் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, ஆழத்தில் வெந்து, மலையாகப் பிதுங்கின. அறுத்த முகத்தில் அந்த மடிப்புகள் கறுப்பும் கொழுப்பு வெள்ளையுமாக மங்கலாகத் தெரிந்தன. இன்றைக்குள் அறிக்கை போயாக வேண்டும்.

கல்லின் வரி சரியாகத் தெரியாவிட்டால் நக்கிப் பார்ப்பது இந்தத் தொழிலில் பலருக்கும் உள்ள அசிங்கமான பழக்கம். ஈரம் பட்டால் பளிச்சென்று தெரியும். யோசிக்காமல் நக்கிவிட்டாள்.

கல் மெத்தென்று இருந்தது. வெதுவெதுப்பாக. ஊசிப்போன கொழுப்பு ஒன்று நாக்கில் வழுக்கி, தொண்டைவரை இறங்கியது. தொட்டிக்கு ஓடினாள். குமட்டிக் குமட்டித் துப்பினாள். சாம்பல் நிறத்தில் நூல் நூலாக வந்தது, அறுபடவேயில்லை. கையைக் கழுவும் சோப்பை எடுத்து நாக்கைத் தேய்த்தாள். தன் வாயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தாள்.

கடைவாய்ப் பற்கள் நகர்ந்தன. இரண்டு பக்கமிருந்தும். உள்ளே. மெதுவாக. வலியில்லை. நெருக்குண்ட நாக்கு நடுவில் மடிந்தது. எழும்பியது. மேலெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக வரி.

தடுப்புக்கு அப்பால், மருதப்பன் தன் வில்லையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டாம் அண்ணே என்று கத்தினாள். சேறு குமிழியிடுவது மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. ஓடிப்போய்த் தடுப்பை இரண்டு கையாலும் அடித்தாள்.

அவர் நிமிராமலே, ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். கல்லை வாயருகே கொண்டுபோனார்.

நக்கினார். முகம் சுளிக்கவில்லை.

இன்னொரு முறை நக்கினார்.